பின்கதவிலிருந்து கிளம்பிய விரிசல்

பாவாயியின் லாரிப் பின்கதவில் இருந்த விரிசலைக் குழந்தைவேலு மூன்றாம் முறையாக வெல்டு வைத்து மூடிய மறுநாள் விடிகாலையில், அது கதவை விட்டுக் கிளம்பி, நெடுஞ்சாலையைக் கடந்து, யாகூபின் டீக்கடை மேடைக்கல்லில் வந்து படுத்துக்கொண்டது. பால் குண்டானை வைக்கக் குனிந்த யாகூப், கல்லின் குறுக்கே ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்கவில்லை. கல்லங்காட்டுப்புதூரில் அந்த விரிசலைத் தெரியாதவர்கள் கிடையாது. கீழிருந்து இரண்டு சாண் நேராக ஏறி, முழங்கை மாதிரி இடப்பக்கம் மடங்கி, இன்னொரு சாண் போய், நுனியில் பாம்பின் நாக்கைப்போல இரண்டாகப் பிரியும் அந்தக் கோட்டை, ஜல்லி லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போன நாங்கள் எல்லோரும் இரண்டு வருடமாகப் பார்த்திருந்தோம். யாகூப் கல்லின்மேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் குண்டானை வைத்து, முதல் டீயை ஆற்றிவிட்டு, குடிக்க வந்தவரிடம் சொன்னார்.

"குழந்தைவேலு அண்ணங்கிட்டச் சொல்லிருங்க. அவரு மூடுனது இங்க வந்திருக்குதுன்னு."

சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் குழந்தைவேலு என்று சொன்னால், எந்தக் குழந்தைவேலு என்று கேட்க மாட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட அவருடைய பட்டறையில் முப்பது வருடமாகச் சேசிஸும் ஆக்சிலும் பாடியும் ஒட்டிக்கொண்டிருந்தார், அவர் வைத்த வெல்டு ஒன்றுகூட விட்டதில்லை, அதை அவரே சொல்வார், டிரைவர்களும் சொல்வார்கள், அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு டிரைவர்கள் சொன்னார்களா, டிரைவர்கள் சொல்லி அவர் சொன்னாரா என்பது யாருக்கும் நினைவில்லை. கோபக்காரர். இரும்பிடம் பேசுகிற கடுப்பில்தான் மனிதர்களிடமும் பேசுவார்.

பாவாயிக்கு வண்டி வந்தது கணவனிடமிருந்து. செங்கோடன் சர்க்கரை நோயில் கண் பார்வையை இழந்தபோது, வண்டியை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களுக்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நாற்பத்தொரு வயதில் போய் லைசென்ஸ் எடுத்து வந்தவள். அவள் முதல்முறை லாரியைத் திருப்பியபோது சந்தையே கலைந்து ஒதுங்கியது. ஏழு வருடம் ஆனபிறகு, குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும்போது அவளுக்கு முன்னால் போவதைவிடப் பின்னால் போவதே நிம்மதி என்று மற்ற டிரைவர்கள் சொல்லும்படி ஆகியிருந்தாள். வண்டிக்கு இருபத்தெட்டு வயது. எல்லாப் பாகமும் ஒருமுறையாவது மாறியிருந்தது. பின்கதவு மட்டும் பிறந்தபோது வந்த அதே கதவு.

அந்தக் கதவின் வலது கீழ்மூலையில் ஒன்பது வருடத்துக்கு முன்னால், செங்கோடன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விட்டது. குழந்தைவேலு அதன்மேல் கால் அங்குல கனத்தில் ஒரு சதுரப் பட்டையை வைத்து நாலு பக்கமும் வெல்டு அடித்து, கதவே போனாலும் இந்த மூலை போகாது என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடியே அந்த மூலை போகவில்லை. ஏழு வருடம் கழித்து, பட்டையின் ஓரத்துக்கு வெளியே தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. மூடினார். நாலு மாதத்தில் அந்த வெல்டை ஒட்டி இன்னொரு கோடு விட்டது. அதையும் மூடினார். ஏழு வாரம்தான் தாங்கியது, அதன்பிறகு திறந்தபடியே நீண்டுகொண்டு போனது. ஒவ்வொரு முறையும் ரோட்டைத் திட்டினார், வேகத்தடை போட்டவர்களைத் திட்டினார், இப்போது வருகிற இரும்பைத் திட்டினார், கடைசியில் அவள் ஓட்டுகிற விதத்தைத் திட்டினார்.

"வெல்டு விடலீங்ணா," என்றாள் பாவாயி. "அதுக்குப் பக்கத்துல விட்டிருக்குது."

அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் வேறு எந்தச் சொல்லும் அவரை அந்த அளவுக்கு எரிச்சல்படுத்தியிருக்க முடியாது.

தை மாதத்தில் அந்த விரிசல் வழியாக ஒரு முக்கால் அங்குல ஜல்லி நழுவி, பின்னால் ஸ்கூட்டரில் வந்த பெண்ணின் நெற்றியில் பட்டு நாலு தையல் போட வேண்டியதானது. பாவாயி அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வண்டியை நேராகப் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை அவர் மேசையில் வைத்தாள். அப்போதுதான் அவர் மூன்றாவது முறையாக அதை மூடினார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசை வெல்டு போட்டார். தண்டவாளத்தை ஒட்டுகிறவர்கூட அவ்வளவு வைத்திருக்க மாட்டார்.

அதற்கு அடுத்த நாள்தான் அது டீக்கடைக்கு வந்தது.

செய்தி கேட்ட குழந்தைவேலு முதலில் பாவாயி வீட்டுக்குப் போய்த் தன் வெல்டைத்தான் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பிறகு டீக்கடைக்கு வந்து, செய்தித்தாளை விலக்கி, கல்லின் விரிசலைச் சாண் போட்டு அளந்தார். இரண்டு சாண், ஒரு மடக்கு, ஒரு சாண், நாக்கு. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "என் வெல்டு விடலை," என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போனார்.

யாகூப் ஒரு வாரம் பார்த்துவிட்டு, சிந்துகிற பால் விரிசலுக்குள் இறங்குகிறது என்று கல்லுக்கு ஒட்டுப்பசை பூசினார். மறுநாள் கல் பழையபடி வழுவழுப்பாக இருந்தது, விரிசல் உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் இருந்தது. டீச்சர் கோட்டுக்கு இந்தப் பக்கம் கணக்கையும் அந்தப் பக்கம் விடையையும் எழுதிப் பத்து நாள் ஓட்டினார். பலகைக்கு மக்குப் பசை வைத்துப் பூசியதும் சமையல்காரர் மயில்சாமியின் கல்யாண அண்டாவுக்குப் போனது, நானூறு பேருக்கு வைத்த ரசம் பந்தலுக்குள் ஓடியது. அண்டாவை ஈயம் வைத்து அடைத்தார்கள், அது பேருந்து நிறுத்தத்து சிமெண்டு பெஞ்சுக்குப் போனது. மூன்று நான்கு இடம் ஆனபிறகு எங்களுக்கு அதன் குணம் புரிந்துவிட்டது. வைத்த இடத்தில் சும்மா விட்டால் இருக்கும். மூடினால் கிளம்பும்.

அதற்குப் பிறகு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்வெட்டு எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி, இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டோம். துவைக்கிற கல்லில் வந்தவர்கள் ஓரமாகத் துவைத்தார்கள், சுவரில் வந்தவர்கள் காலண்டர் மாட்டினார்கள், வண்டிக் கண்ணாடியில் வந்தவர் அதன்மேல் பிள்ளையார் படம் ஒட்டிக்கொண்டு ஓட்டினார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனவர்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டபிறகு, விரிசல் வந்துபோன வீடா என்றும் கேட்டார்கள், வந்துபோயிருந்தால் நல்லது என்றார்கள், ஏனென்றால் இனி வராது. பஞ்சாயத்துத் தலைவர் கண்ணம்மாள் கூட்டம் போட்டு, யார் வீட்டில் இருந்தாலும் தெரிவிக்காமல் மூடக் கூடாது என்று தீர்மானம் எழுதினார். அதில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அவரவர் வீட்டுக்கு வந்தபோது தெரிவிக்காமல்தான் மூடினோம்.

ஒருமுறை எங்கள் நல்ல காலத்துக்கு அது ஊர் எல்லை மைல்கல்லுக்குப் போனது. மைல்கல் விரிந்தால் யாருக்கு என்ன நட்டம். இருபது நாள் ஊர் நிம்மதியாக இருந்தது. பிறகு சாலை வேலைக்கு வந்தவர்கள் மைல்கல்லுக்கு மக்கு வைத்து மஞ்சள் அடிக்க ஆரம்பித்தார்கள். கண்ணம்மாள் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். இந்தக் கல்லை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஏன் சொல்கிறார் என்பதை வெளியூர்க்காரர்களுக்கு எப்படி விளங்கவைப்பது. அவர்கள் பூசிவிட்டுப் போனார்கள்.

குழந்தைவேலு இருந்த இருப்பைத்தான் சொல்ல முடியாது. அவரை யாரும் குறை சொல்லவில்லை, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. எதிரில் வருகிறவர்கள், உங்களது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், தபால்காரர் கடிதத்தைக் கொடுக்கும்போதே விரிசலின் அன்றைய முகவரியையும் சொன்னார். ஒரு பதினோரு நாள் அவர் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடிக்கே வந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை. நெற்றி ஒரு பக்கமும் தாடை ஒரு பக்கமுமாகப் பிளந்த முகத்தைப் பார்த்து தினமும் சவரம் செய்து, தினமும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டார். அவர் மனைவி ருக்குமணி அவரிடம் ஒன்றும் சொல்லாமல் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினாள். மாற்றினாலும் அது கிளம்பிவிட்டது.

பாவாயி மட்டும் அவரை விடவில்லை. அவள் கதவு மூடியபடியே இருந்தது, ஒரு தூசி விழவில்லை, ஆனாலும் லோடு ஏற்றிவிட்டுப் போகும்போதும் இறக்கிவிட்டு வரும்போதும் பட்டறை வாசலில் நிறுத்தி, கதவு சரியில்லை என்றாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அது அடிக்கிறது, முன்பைவிட இப்போதுதான் அதிகமாக அடிக்கிறது, வலிக்கிறவர் வாயைத் துணியால் கட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்றாள். விரிசல் இல்லாத கதவில் என்ன பார்ப்பது என்று அவர் கேட்டார். ஒரு நடை பின்னால் வந்து பாருங்கள் என்றாள். தனக்கு வேலை இருக்கிறது என்றார். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள், இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து அதையே சொன்னாள். பங்குனி முழுக்க இப்படியே போனது.

சித்திரை பிறந்த வாரத்தில் விரிசல் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறியது.

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய்ப் பார்த்தவர்கள், தொட்டியின் வயிற்றில் அந்த முழங்கை மடக்கையும் அதன் நாக்கு வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதையும் கண்டார்கள். அந்த வெயிலில் ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. குடத்தைக் கொண்டுபோய் ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்தோம், பிடித்தது போக மீதியெல்லாம் மண்ணில் இறங்கியது. மூடாமல் இருக்கவும் முடியாது, மூடினால் அடுத்தது எங்கே என்றும் தெரியாது. ஒருவர் பள்ளிக்கூடத்துக் கூரை என்றார். ஒருவர் காலை பஸ்ஸின் ஆக்சில் என்றார். மருமகள் நிறைமாதமாக இருந்த ஒரு பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதுவரை அது பொருட்களுக்கு மட்டும்தான் வந்திருந்தது.

கண்ணம்மாள் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். எங்கிருந்து கிளப்பினீர்களோ அங்கேயே திருப்பி வைத்துவிடுங்கள் என்று பணிவாகத்தான் சொன்னார். அதற்கு லாரிக் கதவில் வைத்த வெல்டைக் குழந்தைவேலுவே அறுக்க வேண்டும். முப்பது வருடத்தில் தான் வைத்ததைத் தானே அறுத்ததில்லை என்று அவர் கத்தினார், என் வெல்டு விடவில்லை, விடாததை எதற்கு அறுப்பது என்று கேட்டார், ஊரில் இத்தனை பேர் கட்டியது இத்தனை மோசமாக இருக்கும்போது ஒழுங்காக ஒரு வேலை செய்த என்னை வந்து கேட்கிறீர்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

லாரியிலிருந்து இறங்கி வந்த பாவாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"அது என்னோடதுங்க. நான் திருப்பி வாங்கிக்கறேன்," என்றாள். "அதுக்கு முன்னாடி அண்ணன் ஒரே ஒரு நடை எம் பின்னால வரோணும்."

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் மட்டுமே அவர் மொபெட்டை எடுத்தார்.

குவாரி வரை எட்டு மைல், காலி வண்டி. அங்கிருந்து பாலம் கட்டுகிற இடம் வரை பன்னிரண்டு மைல், முழு லோடு. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, பத்தடி பின்னால், புகையும் தூசியும் குடித்தபடி அவர் அந்தக் கதவை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். முதல் இரண்டு மைல் தன் வெல்டு வரிசையைத்தான் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு, வேறு பார்க்க எதுவும் இல்லாததால், முழுக் கதவையும் பார்க்க ஆரம்பித்தார். பட்டறையில் நிற்கிற கதவை ஆயிரம் முறை பார்த்திருக்கிறார், ஓடுகிற கதவைப் பார்த்ததே இல்லை. இரும்புத் தகடு முறம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழியிலும் மேலிருந்து ஒரு அலை கிளம்பி, தகடு முழுக்க மூச்சு விடுவதுபோல ஓடி, வலது கீழ்மூலைக்கு வந்து, அங்கே அவர் வைத்த கனமான சதுரப் பட்டையின் ஓரத்தில் முட்டி நின்றது. பட்டை அசையவில்லை. அசையாத அந்த ஓரத்தில்தான் தகடு ஒவ்வொரு முறையும் மடங்கியது. குழிக்கு ஒரு மடக்கு, வேகத்தடைக்கு ஒரு மடக்கு, ஒன்பது வருடமாக, கம்பியை உடைக்க நாம் இப்படியும் அப்படியும் வளைப்போமே அந்த மாதிரி. லோடு ஏற்றிவந்த எட்டாவது மைலில் அவர் மொபெட் தானாக வேகம் குறைந்தது. பிறகு மறுபடி முடுக்கிக்கொண்டு பின்னால் போனார்.

பாலத்தருகே பாவாயி கொண்டிகளைத் தட்டிவிட்டாள். கதவு விழுந்தது. இரண்டு பக்கச் சங்கிலியும் ஒன்றாகத் தாங்க வேண்டும், ஆனால் வலது சங்கிலி முதலில் இழுபட்டு, மொத்தப் பாரமும் அந்த மூலையில் வெட்டி இழுத்தது. அவர் கண்ணிகளை எண்ணினார். இடது பக்கம் பதினான்கு, வலது பக்கம் பன்னிரண்டு. நடுக் கீலைத் தட்டிப் பார்த்தார், ஜல்லித் தூளும் துருவும் இறுகி அது திரும்புவதையே மறந்திருந்தது. அவர் பையிலிருந்து மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து அந்த மூலை முழுக்கத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்துக் காயவைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைப் பூச்சில் ஈரம் கசிந்து கோடுகள் எழும்பின. கண்ணுக்குத் தெரியாமல் இரும்புக்குள் இருந்தவை. பட்டையின் நாலு முனையிலிருந்தும் ஒவ்வொன்றாக, நாலு கோடுகள், நாலு திசைக்கு.

லோடு இறக்குகிறவர்கள் ஜல்லியைத் தள்ளி முடித்ததும் அவர் பட்டையின்மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பட்டைய வெச்சது நான்தான் அம்மிணி."

"தெரியுமுங்ணா."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார்.

"ரெண்டு வருசமா. சொல்லியிருந்தா நீங்க வண்டியத் தொட்டிருக்க மாட்டீங்க. வேற ஆள்கிட்டப் போறதுக்கு எனக்கு மனசு வரலை. அதான் உங்களுக்காத் தெரியட்டும்னு உங்க வாசல்லயே வந்து வந்து நின்னேன்."

சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் அவள் எத்தனை முறை வண்டியை நிறுத்தினாள், எத்தனை முறை எடுத்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அவருக்கு அப்போது ஒன்றாகக் கேட்டது. அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பப் பார்த்தார். நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது.

மறுநாள் காலை பட்டறையில் உட்கார இடமில்லை. அவர் யாரையும் பார்க்காமல் முதலில் மூன்று வரிசை வெல்டையும் கிரைண்டரால் அறுத்து வழித்தார், பிறகு பட்டையைச் சுற்றி அறுத்தார். நாலாவது பக்கம் விட்டுப் பட்டை தரையில் விழுந்ததும், தகட்டில் கீழிருந்து மேலாக இரண்டு சாணும் மடக்கும் நாக்குமாக விரிசல் வந்து நின்றது. கண்ணம்மாளின் போன் அடித்தது. தொட்டி ஒழுகுவது நின்றுவிட்டதாம், சிமெண்டில் நகக்கீறல்கூட இல்லையாம். நாங்கள் பெருமூச்சு விட்டோம். அவர் தலை நிமிரவில்லை.

பட்டைக்கு அடியில் இருந்த தகடு தேய்ந்து களைத்துப்போயிருந்தது. அந்த மூலையை அறுத்தெடுத்து, கதவின் கனத்துக்கே ஒரு துண்டு வெட்டி, முனைகளையெல்லாம் வட்டமாக உரசிப் பொருத்தினார். கீலைக் கழற்றி எரித்துத் துருவெடுத்து எண்ணெய் விட்டார். வலது சங்கிலிக்கு இரண்டு கண்ணி சேர்த்தார். பிறகு விரிசலிடம் வந்தார். அது மேலே போகாமல் இருக்க நுனியில் ஓட்டை போட வேண்டும். டிரில்லை நுனியில் வைத்தபோது நுனி ஒரு விரற்கடை நகர்ந்துகொண்டது. மறுபடி வைத்தார், மறுபடி நகர்ந்தது. மூன்றாம் முறை அவர் நுனியை விட்டுவிட்டு, அது போகப்போகிற வழியில் அரை விரல் முன்னால் ஓட்டை போட்டுவிட்டுக் காத்திருந்தார். விரிசல் ஓடிவந்து ஓட்டைக்குள் விழுந்து நின்றது. நாக்கின் இன்னொரு நுனிக்கும் அப்படியே செய்தார்.

பிறகு அவர் முகமூடியை இறக்கி, வெல்டிங் ராடைக் கையில் எடுத்தார். அப்போதுதான் கூட்டம் அசைந்தது.

மூட வேண்டாம் என்று கண்ணம்மாள் சொன்னார். பின்னாலிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். பிடித்து நிறுத்தியாகிவிட்டது, ஓட்டையும் போட்டாகிவிட்டது, இனி அது அங்கேயே இருக்கட்டும், மூடினால் கிளம்பிவிடும், நாங்கள் பட்டது போதும் என்றார்கள். குழந்தைவேலு முகமூடியைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு வருடம் தப்பாக மூடியபோது யாரும் தடுக்கவில்லை. எப்படி மூடுவது என்று தெரிந்தபிறகு, ஊரே திரண்டு வந்து கையைப் பிடிக்கிறது. இந்த முறை போகாது என்றார். போன முறையும் அப்படித்தான் சொன்னீர்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் ராடைத் தரையில் எறிந்தார்.

பாவாயி அதைக் குனிந்து எடுத்தாள்.

"நீங்க காலண்டர் மாட்டுனீங்க, பேப்பர் விரிச்சீங்க, ஓரமா ஒக்காந்தீங்க," என்றாள் எங்களிடம். "நான் எதை மாட்டறது? எம் பின்னால வண்டி வருது. தெறந்து வெச்சுட்டு நான் ஓட்ட மாட்டேன். மூடுங்ணா. இனி எங்கயாச்சும் போச்சுன்னா எம் மேல வரட்டும்."

அப்படி அவள் சொல்லியிருக்கக் கூடாது. நாங்கள் யாரும் அதை மறுக்கவில்லை, அதையும் நாங்கள் செய்திருக்கக் கூடாது.

இரண்டு மணிக்கு ஆரம்பித்து, பொழுது இறங்கும்வரை மூடினார். விரிசலை இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி உரசிவிட்டு, ஒரு அங்குலம் வைப்பார், நிறுத்துவார், சிறு சுத்தியால் தட்டுவார், கை வைக்கும் சூட்டுக்கு ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார், பிறகு அடுத்த அங்குலம். அவர் சும்மா உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் மேலே புடைத்ததையும் கதவு மட்டத்துக்கு வழித்துவிட்டார். எங்கே வெல்டு வைத்தார் என்று தெரியவில்லை. முப்பது வருடத்தில் தான் வைத்தது வெளியே தெரியாமல் அவர் செய்த முதல் வேலை அது.

மறுநாள் விடிந்ததும் கல்லங்காட்டுப்புதூரில் எல்லோரும் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தோம். தட்டு, டம்ளர், சுவர், கட்டில் கால், குழந்தையின் முதுகு. யாகூப் மேடைக்கல்லைக் கழுவி வெயில் படவைத்துப் பார்த்தார். செங்கோடன் தன் மனைவியின் கைகளை வாங்கி, தோளிலிருந்து விரல்நுனிவரை இரண்டு முறை தடவிப் பார்த்தார் என்று அவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கும் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஆனாலும் ஊர் நம்பவில்லை. எங்கே சாந்து உதிர்ந்தாலும், எந்தப் பானை விண்டாலும், உடனே குழந்தைவேலுவைக் கூப்பிட்டுக் காட்டினோம், அவரும் வந்து, சாண் போட்டு, இது நீங்களாகப் பண்ணிக்கொண்டது என்று சொல்லிவிட்டுப் போவார். அதில் பலருக்கு வருத்தம்தான்.

ஒன்பதாம் நாள் காலை பாவாயி குவாரிக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தபோது குழந்தைவேலு பட்டறை வாசலில் ரோட்டுக்கு நடுவே நின்று கையைக் காட்டினார். அவள் நிறுத்தினாள். அவர் பின்னால் போய், கதவில் தொற்றி ஏறி, வெல்டு இருந்த வழியே நகத்தை ஓட்டினார், மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை, பிறகு காதை வைத்து, கதவை முட்டியால் தட்டிக் கேட்டார். அவளுக்குப் பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடித்தன.

"என்ன வருதுங்ணா?" என்று அவள் கேபினிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் வரலை."

"அப்ப எறங்குங்ணா. லோடுக்கு நேரமாச்சு."

அவர் இறங்கினார். லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியது. கதவு அடிக்கவில்லை, மேலும் கீழும், இடமும் வலமும் ஒன்றுபோல ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. விரிசல் திரும்பியிருந்தால் திட்டுவதற்கென்று காலையிலிருந்து கோர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் வாயில் நிற்க, யாரைத் திட்டுவது என்று தெரியாமல், நாலு வண்டிகள் தன்னைச் சுற்றிக்கொண்டு போகும்வரை குழந்தைவேலு ரோட்டு நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார்.